பெயர் கழன்ற பேஸ் கிட்டார்

1961இல் பில் வைமன் எட்டு பவுண்டு கொடுத்து ஒரு பழைய பேஸ் கிட்டார் வாங்கினார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் அவர் சேர இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. கருவியின் உடல் தன் கைக்குப் பெரிதாகப் பட்டதால் அதை அறுத்துச் சிறிதாக்கினார். தேய்ந்துபோன ஃப்ரெட் கம்பிகள் தந்தி பட்டு இரைந்தன. அவற்றைப் பிடுங்கி எறிந்தார். புதிய கம்பிகளை அடித்துக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம். ஆனால் கம்பியில்லாத விரல்பலகையில் எழுந்த ஒலி அவருக்குப் பிடித்துப்போனது. கருவி அப்படியே இருந்துவிட்டது. ரோலிங் ஸ்டோன்ஸின் தொடக்ககாலப் பதிவுகள் பலவற்றில் கேட்பது அந்த பேஸ்தான். ஃப்ரெட் இல்லாத பேஸை ஆம்பெக் நிறுவனம் 1966இலும் ஃபெண்டர் 1970இலும்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தன.

அந்த எட்டு பவுண்டுக் கருவி எது? ‘மலிவான ஜப்பானிய பேஸ்’ என்றே பல குறிப்புகள் நெடுங்காலம் எழுதிவந்தன. பிறகுதான் அது பிரிட்டனில் செய்யப்பட்ட ‘டாலஸ் டக்சீடோ’ என்று அடையாளம் தெளிந்தது. ஆனால் டாலஸ் என்பதும் செய்தவரின் பெயரன்று. லண்டனில் இசைக்கருவிகளை மொத்த விற்பனை செய்துவந்த ஜான் இ. டாலஸ் அண்ட் சன்ஸ் என்ற வணிக நிறுவனத்தின் பெயர். மரத்தை வெட்டியவர் யார், கழுத்தைச் சீவியவர் யார், காந்தத்தைச் சுற்றிச் செப்புக்கம்பியைச் சுற்றியவர் யார் என்ற கேள்விகளுக்கு அந்தப் பெயர் பதில் தருவதில்லை. உலகப் புகழ்பெற்ற ஒரு குழுவின் கருவிக்கே இதுதான் நிலை.

பழைய கடைகளிலும் ஏலங்களிலும் பரண்களிலும் இப்படிப்பட்ட பேஸ்கள் தொடர்ந்து வெளிப்படுகின்றன. தலைப்பகுதியில் எழுத்தே இருக்காது. அல்லது ஒரு பட்டை இருந்து உதிர்ந்ததற்கு இரண்டு சிறு துளைகள் மட்டும் இருக்கும். கையில் எடுக்கும் எவரும் முதலில் கேட்பது ‘இது என்ன பிராண்ட்?’ என்றுதான். இயல்பான கேள்வி. ஆனால் அறுபதுகளின் மலிவுக் கருவிகளைப் பொறுத்தவரை அது தவறான வாசலைத் தட்டும் கேள்வி. அந்தத் தொழிலில் பெயர் என்பது கருவி செய்து முடிந்த பிறகு, பெரும்பாலும் வேறொரு நாட்டு வணிகரின் விருப்பப்படி, கடைசியாக ஒட்டப்பட்ட பொருள். ஒரே பட்டறையிலிருந்து வந்த ஒரே வடிவம் நான்கைந்து பெயர்களில் விற்கப்பட்டது. பெயரே ஒட்டப்படாமலும் விற்கப்பட்டது. ஆகவே பெயரில்லாத பேஸைத் தகவல் குறைந்த பொருளாகக் கருத வேண்டியதில்லை. அது எப்படி உருவானது என்பதை மறைக்க அதன்மேல் ஒன்றுமில்லை என்று கொள்வதே பொருத்தம்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு வணிக அமைப்பு இருந்தது. அமெரிக்காவில் சியர்ஸ் போன்ற அஞ்சல்வழி விற்பனைப் பேரங்காடிகள் தங்களுக்கெனக் கருவிகள் செய்யவில்லை. அவை ‘சில்வர்டோன்’ என்ற பெயரை வைத்துக்கொண்டு, யார் குறைந்த விலைக்குச் செய்து தருகிறார்களோ அவர்களிடம் வாங்கின. நியூ ஜெர்சியின் டேன்எலெக்ட்ரோ செய்தது, சிகாகோவின் ஹார்மனி செய்தது, பிறகு ஜப்பானின் டெய்ஸ்கோ செய்தது எல்லாமே சில்வர்டோன்கள்தாம். டேன்எலெக்ட்ரோ செய்த 1448 எண் கொண்ட சில்வர்டோன் கிட்டாரைச் சியர்ஸ் 67.95 டாலருக்கு விற்றது. கிட்டாரை வைக்கும் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையரும் ஒலிபெருக்கியும் அடங்கிய தொகுப்பு அது. ஒரு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸுக்கு மட்டுமே அதைப்போல மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டியிருந்த காலம்.

1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் தோன்றியதை ஏறத்தாழ 7.3 கோடி அமெரிக்கர்கள் பார்த்தார்கள். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகள் ஒவ்வொரு தெருவிலும் ஒரு குழு தொடங்கியது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பேஸ் தேவைப்பட்டது. அமெரிக்கத் தொழிற்சாலைகளால் அந்தப் பசிக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அப்போது ஒரு டாலருக்கு 360 யென் என்று பரிமாற்ற விகிதம் நிலைநிறுத்தப்பட்டிருந்தது. 1949 முதல் 1971 வரை அது அசையவில்லை. கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தபிறகும் ஜப்பானியக் கருவி மலிவாகவே கரை சேர்ந்தது. சிகாகோவின் ஜாக் வெஸ்தைமர் போன்ற இறக்குமதியாளர்கள் ஜப்பானுக்குப் போய் மாதிரிகளைப் பார்த்து, கொள்முதல் பேசி, தங்கள் பெயர்களை ஒட்டச் சொன்னார்கள். கிங்ஸ்டன், கென்ட், கிம்பர்லி, ஹெய்ட் டீலக்ஸ் என்று பெயர்கள் பெருகின. தெருமுனைக் கடைக்காரர் ஒருவர் பெயரே வேண்டாம் என்று வாங்கியிருந்தால் அதுவும் நடந்தது.

பெயர் இல்லாமல் போகலாம். ஊர் இல்லாமல் போக முடியாது. 1930ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம், 304ஆம் பிரிவில், இறக்குமதியாகும் பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதை ஆங்கிலத்தில் வாங்குபவர் கண்ணில் படும்படி குறிக்க வேண்டும் என்கிறது. செய்தவர் யார் என்று அது கேட்பதில்லை. இதனால்தான் தலையில் எழுத்தே இல்லாத பேஸின் பின்புறம், கழுத்தும் உடலும் சேருமிடத்தில் நான்கு திருகுகளோடு இறுக்கப்பட்ட தகட்டில், ‘ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்ட் நெக், மேட் இன் ஜப்பான்’ என்ற வரி மட்டும் தெளிவாக இருக்கிறது. சிலவற்றில் தகட்டுக்குப் பதிலாக ஒரு சிறு காகித ஒட்டி இருந்து உரிந்துபோயிருக்கும். பசையின் செவ்வகத் தடம் வார்னிஷ்மேல் நிற்கும். ஒரு நாட்டின் சுங்க அதிகாரிக்காக எழுதப்பட்ட அந்த வரிதான் பல கருவிகளுக்கு மிஞ்சிய ஒரே பிறப்புச் சான்று.

ஜப்பான் என்று தெரிந்தபிறகு வேலை முடிந்துவிடுவதில்லை, தொடங்குகிறது. டோக்கியோவில் டெய்ஸ்கோ 1946இலும், குயாடோன் அதற்கும் முன்னதாக 1933இலும் தொடங்கப்பட்டவை. மத்திய ஜப்பானின் நாகானோ மாநிலத்தில் மாட்சுமோட்டோ என்ற மலைநகரம் இருக்கிறது. அங்கே 1960இல் ஃபுஜிகென் காக்கி தொடங்கியது. அதே நகரின் மாட்சுமோக்கு தொழிற்சாலை முதலில் கிட்டாருக்கே சம்பந்தமில்லாத வேலை செய்துவந்தது: சிங்கர் தையல் இயந்திரங்களுக்கான மரப்பெட்டிகள். பலகைகளை ஒட்டி அழுத்துவது, வளைவாக அறுப்பது, மேற்பரப்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றுவது என்று தையல் இயந்திர மேசைக்குக் கற்ற வேலையே பிறகு கிட்டார் உடலுக்கும் கழுத்துக்கும் போயிற்று. யூனிவாக்ஸ், ஏரியா, எலெக்ட்ரா, வெஸ்ட்பரி, பிறகு வெஸ்ட்டோன், வான்டேஜ் என்று பல பெயர்களில் அதன் கருவிகள் உலகம் சுற்றின. 1987இல் மாட்சுமோக்கு மூடப்பட்டது. அதன் சொந்தப் பெயர் கருவிகளின் தலையில் ஏறியதேயில்லை என்று சொல்லிவிடலாம்.

இத்தாலியிலும் இதே கதை வேறு பொருளில் நடந்தது. அட்ரியாட்டிக் கடலோரத்துக் காஸ்டெல்ஃபிடார்டோவும் ரெக்கனாட்டியும் அக்கார்டியன் செய்பவர்களின் ஊர்கள். 1950களின் இறுதியில் அக்கார்டியனுக்கு மவுசு குறையத் தொடங்கியதும் அவர்கள் கிட்டாருக்குத் திரும்பினார்கள். ஒலிவியேரோ பிஜினி 1959இல் தொடங்கிய எக்கோ அவற்றில் பெரியது. மரத்தின்மேல் பளபளக்கும் செல்லுலாய்டு உறை, வரிசையாக அழுத்தும் பொத்தான்கள், முத்துச்சிப்பி மினுக்கு என்று அக்கார்டியனின் உடையை அப்படியே கிட்டாருக்குப் போட்டுவிட்டார்கள். அறுபதுகளின் பெயரற்ற பேஸ் ஒன்றின் முகப்பு தங்கத்தூள் தூவியதுபோல் மின்னினால், முதலில் இத்தாலியை நினைப்பது முறை. செய்தவர் வேறு எதைச் செய்துவந்தார் என்பதைக் கருவியே காட்டிக்கொடுக்கும் இடம் இது.

அடையாளம் காணும் வேலை அளவெடுப்பில் தொடங்குகிறது. தலையடியில் தந்தி உட்காரும் நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை அளந்து இரட்டித்தால் தந்தியின் அதிரும் நீளம் கிடைக்கும். 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் இதை 34 அங்குலமாக வைத்தது. கிப்சனின் இபி-0 பேஸில் அது 30.5 அங்குலம், ஹாஃப்னரின் வயலின் வடிவ பேஸில் 30. மலிவு பேஸ்களில் பெரும்பாலானவை இந்த 30 அங்குலத்தை ஒட்டியே நிற்கின்றன. அதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒரே கனமுள்ள தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்ற, நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுவிசை தேவை. 34இலிருந்து 30க்கு வந்தால் இழுவிசை ஏறத்தாழ 22 சதவீதம் குறைகிறது. கழுத்து அந்த அளவுக்கு வளையாமல் தாங்கும். ஒட்டுப்பலகை உடலும் எளிய மரக்கழுத்தும் போதும் என்று முடிவெடுத்த தொழிற்சாலைக்கு இந்தச் சலுகை பெரிது. பதின்வயதுக் கைகளுக்கும் அது எளிதாக இருந்தது. ஆகவே குட்டையான பேஸ் என்றால் மலிவு என்ற முடிவு பாதி உண்மைதான். கிப்சனும் ஹாஃப்னரும் அதே நீளத்தில்தான் செய்தார்கள்.

அடுத்தது தலையும் கழுத்தும். தந்தியை முறுக்கும் நான்கு முடுக்கிகளும் ஒரே பக்கம் வரிசையாக இருக்கின்றனவா, பக்கத்துக்கு இரண்டாக இருக்கின்றனவா, அவை ஒரே தகட்டில் பிணைந்தவையா, பற்சக்கரம் வெளியே தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நட்டை ஒட்டி ‘ஜீரோ ஃப்ரெட்’ எனப்படும் கூடுதல் கம்பி ஒன்று இருந்தால், அது ஜெர்மானியக் கருவிகளிலும் அவற்றைப் பார்த்துச் செய்த ஜப்பானியக் கருவிகளிலும் அதிகம் காணப்படுவது. கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் அது ஒரே மரத்துண்டா, நீளவாக்கில் ஒட்டிய மூன்று ஐந்து பட்டைகளா என்பது தெரியும். கழுத்து உடலோடு திருகப்பட்டிருக்கிறதா, ஒட்டப்பட்டிருக்கிறதா என்பது இன்னும் முக்கியம். கிப்சன் இபி-3ஐப் போலவே தோற்றமளிக்கும் ஒரு பேஸின் முதுகில் நான்கு திருகுகளும் தகடும் இருந்தால் அது கிப்சன் அன்று. கிப்சன் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் பொருத்தியது. எழுபதுகளின் முற்பகுதி ஜப்பானிய நகல்கள்தாம் தோற்றத்தைக் கிப்சனிடமும் கழுத்துப் பொருத்தும் முறையை ஃபெண்டரிடமும் எடுத்துக்கொண்டவை.

பிறகு திருகுகளைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். பழக்கப்பட்டவர்கள் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். திருகே முதல் தகவல். அதன் புரி மில்லிமீட்டர் கணக்கிலா, அங்குலக் கணக்கிலா? ஜப்பானியத் தரப்படி வெட்டிய கூட்டல்குறித் திருகில் அமெரிக்க பிலிப்ஸ் திருப்புளியை வைத்தால் அது சரியாக அமராமல் நழுவும். முகத்தகட்டைத் தூக்கினால், தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப் உட்காரும் குழியின் சுவரில் பெயின்ட் படாத மரம் தெரியும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகள் தெரிந்தால் பிளைவுட். டேன்எலெக்ட்ரோவாக இருந்தால் மரச்சட்டத்தின்மேல் மேசனைட் அட்டைப்பலகை, அதன்மேல் லிப்ஸ்டிக் குழாய்க்குள் அடைத்த பிக்கப். சிவந்த, இலேசான, துளைகள் தெரியும் மரமாக இருந்தால் தென்கிழக்காசியாவிலிருந்து ஜப்பானுக்குப் போன லவான் வகை மரமாக இருக்க வாய்ப்புண்டு. சில குழிகளில் பென்சிலால் எழுதிய எண்கள் இருக்கும். சிலவற்றில் முத்திரை மை.

வால்யூமையும் டோனையும் கட்டுப்படுத்தும் பாட்களின் முதுகில் அச்சிட்ட எண்கள் அமெரிக்கக் கருவிகளில் பெரிய உதவி. 1376614 என்று இருந்தால், 137 என்பது சிடிஎஸ் நிறுவனத்தின் குறி, 66 ஆண்டு, 14 வாரம்: அந்தப் பாட் 1966ஆம் ஆண்டின் பதினான்காம் வாரத்தில் செய்யப்பட்டது. 304 என்றால் ஸ்டாக்போல், 134 என்றால் சென்ட்ரலாப். ஆனால் இது பாட்டின் வயது, கிட்டாரின் வயதன்று. பாட் செய்யப்பட்டதற்கு முன் கிட்டார் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டும் அது உறுதிசெய்கிறது. மொத்தமாக வாங்கிக் குவித்த பாட்களைத் தொழிற்சாலைகள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியதும் உண்டு. பழுது பார்த்தவர் பிறகு மாற்றியதும் உண்டு. ஆகவே எண்ணைவிட முதலில் பார்க்க வேண்டியது அதைச் சுற்றியிருக்கும் சால்டர். தொழிற்சாலையில் வைத்த ஈயத்துளிக்கும் பின்னால் எவரோ மேசையில் வைத்த ஈயத்துளிக்கும் பளபளப்பிலும் வடிவத்திலும் வேறுபாடு தெரியும்.

பிக்கப் இன்னும் நேரடியான சாட்சி, இன்னும் எளிதில் ஏமாற்றும் சாட்சி. துளையிட்ட உலோக மூடிக்குள் தங்கநிறத் தாள் மின்னும் ‘கோல்டு ஃபாயில்’ பிக்கப்பைப் பார்த்ததும் பலர் டெய்ஸ்கோ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டெய்ஸ்கோ அப்படிப்பட்டவற்றைச் செய்தது உண்மை. உள்ளே ரப்பர் கலந்த தட்டைக் காந்தம் இருக்கும். ஆனால் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் டொலிடோவில் ரோ நிறுவனம் செய்த டிஆர்மண்ட் பிக்கப்களிலும் தங்கத்தாள் உண்டு. அவை சிகாகோவின் ஹார்மனி கருவிகளில் ஏறின. ஒரே மினுக்கு, இரண்டு கண்டங்கள்.

டெய்ஸ்கோ என்ற பெயர் படும் பாடு தனி. அறுபதுகளில் ஜப்பானிலிருந்து வந்த எந்த விநோத வடிவத்துக்கும் இன்று அந்தப் பெயர் சூட்டப்படுகிறது. குயாடோன், ஸென்-ஆன், கவாய் எல்லாம் அதில் கரைந்துபோகின்றன. 1967இல் டெய்ஸ்கோவைக் கவாய் வாங்கியது குழப்பத்தை இன்னும் கூட்டியது. ஒரே வடிவத்தின் இரண்டு வரிசைகள் இரண்டு நிர்வாகங்களின் கீழ் வந்திருக்கலாம். மேலும் தொழிற்சாலைகள் எல்லாவற்றையும் தாமே செய்யவில்லை. முடுக்கிகள் ஒருவரிடம், பிரிட்ஜ் இன்னொருவரிடம், பிக்கப் மூன்றாமவரிடம் என்று வாங்கினார்கள். மாக்ஸன் பிக்கப் ஒன்று இருப்பதால் அந்த பேஸ் எங்கே செய்யப்பட்டது என்று தீர்மானிக்க முடியாது. பல தொழிற்சாலைகள் மாக்ஸனிடம் வாங்கின. தனியாக நிற்கும் எந்த உறுப்பும் போதாது. தலையின் வெட்டு, கழுத்தின் அடுக்கு, குழியின் வடிவம், தகட்டின் எழுத்து ஆகியவை ஒரே திசையைக் காட்டும்போதுதான் ஒரு தொழிற்சாலையின் பெயரை உச்சரிக்கலாம்.

விற்பவர்கள் விரும்பும் இன்னொரு முத்திரை ‘லாசூட்’. எழுபதுகளின் ஜப்பானிய நகல் எதுவானாலும் ‘வழக்கு காலத்துக் கருவி’ என்று சொல்லி விலையேற்றுகிறார்கள். நடந்தது ஒரே ஒரு வழக்கு. கிப்சனின் உரிமையாளரான நார்லின் நிறுவனம், ஜப்பானிய இபனேஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்கர் நிறுவனத்தின்மீது 1977 ஜூனில் ஃபிலடெல்ஃபியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பிரச்சினை தலைப்பகுதியின் வடிவம் மட்டும். இபனேஸ் அதற்கு முன்பே வடிவத்தை மாற்றிக்கொண்டிருந்தது. 1978இல் இரு தரப்பும் சமரசமாகி வழக்கு முடிந்தது. பெயரற்ற ஒரு பிளைவுட் பேஸுக்கு அந்த நீதிமன்றத்தோடு எந்த உறவும் இல்லை. கதை இல்லாத பொருளுக்கு இரவல் கதை போர்த்தப்படுகிறது. அதனால் அதன் சொந்தக் கதை மேலும் ஆழத்தில் புதைகிறது.

விற்பவர் பெயர் சூட்டும் வழக்கம் பிரிட்டனிலும் இருந்தது. பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் 1959இல் லிவர்பூலில் வாங்கிய ‘ஃபியூச்சராமா’ கிட்டார் செக்கோஸ்லோவாக்கியாவில் ‘கிராஸியோஸோ’ என்று பிறந்தது. ஃபியூச்சராமா என்பது பிரிட்டனில் அதை விற்ற செல்மர் சூட்டிய பெயர். கிட்டார் கலைஞர் ஹாங்க் மார்வின் தன் புகழ்பெற்ற சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு முன் வாசித்த ‘ஆன்டோரியா’, ஜப்பானின் குயாடோன் செய்தது. இந்த இளைஞர்கள் எதை வாசிக்கிறோம் என்று தெரியாமல் வாசித்தார்கள் என்பதில்லை. அவர்களிடம் பணம் அவ்வளவுதான் இருந்தது. அந்தப் பணத்துக்குக் கிடைத்ததில் வாசிக்கக்கூடியதை எடுத்துக்கொண்டார்கள். ராக் இசையின் தொடக்ககால ஒலியில் ஒரு பங்கு, பெயர் மாற்றப்பட்ட இந்த மலிவுக் கருவிகளின் மரத்துக்கும் காந்தத்துக்கும் சேர வேண்டியது.

பெயர் இருந்தாலும் அடையாளம் தீர்ந்துவிடுவதில்லை என்பதற்குப் பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் சாட்சி. 1961இல் ஹாம்பர்கில் சுமார் 30 பவுண்டுக்கு அவர் வாங்கிய 500/1 பேஸ் அது. ஃபெண்டர் வாங்க வசதியில்லாததால் வாங்கியது. 1972இல் லண்டன் நாட்டிங் ஹில்லில் ஒரு வேனிலிருந்து திருடுபோனது. ஐம்பதாண்டுகளுக்குப் பிறகு நடந்த தேடலில் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் இருந்து கிடைத்து, 2024 பிப்ரவரியில் செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஹாஃப்னர் என்ற பெயர் மட்டும் அதை மெக்கார்ட்னியினுடையது என்று நிறுவ முடியாது. அந்த மாடலில் ஆயிரக்கணக்கில் வந்திருக்கின்றன. அதன் இரண்டு பிக்கப்களும் கழுத்துப் பக்கம் நெருங்கி அமைந்த தொடக்ககால அமைப்பு ஓர் அடையாளம். 1964இல் பழுது பார்த்தபோது புதிதாக அடித்த சன்பர்ஸ்ட் வண்ணமும், இரண்டு பிக்கப்களையும் சேர்த்துப் பிடிக்க வைத்த ஒரே மரச்சட்டமும் இன்னொன்று. அதாவது, தொழிற்சாலை கொடுத்தவற்றைவிடப் பின்னால் பழுது பார்த்தவரின் கை கொடுத்ததே அந்தக் கருவியை உலகில் ஒன்றே ஒன்றாக்கியது.

பெயரற்ற பேஸுக்கும் இது அப்படியே பொருந்தும். அதன்மேல் இரண்டு வகை எழுத்துகள் இருக்கின்றன. ஒன்று, அது எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்வது: அளவு, தகடு, பிக்கப், திருகு. மற்றொன்று, அந்த ஒரு கருவிக்கு மட்டும் நேர்ந்ததைச் சொல்வது: கட்டைவிரல் ஊன்றி ஊன்றித் தேய்ந்த பிக்கப் மூடி, ஐந்தாம் ஃப்ரெட்டுக்குக் கீழே மட்டும் விழுந்த பள்ளம், பொருந்தாத ஒரு முடுக்கி, வீட்டுப் பெயின்டால் அடித்த கறுப்பு. முதல் வகையைத் தேடும் அவசரத்தில் இரண்டாவதைச் சேதம் என்று கணக்கெழுதிவிடுவது சேகரிப்பாளர்களின் பழக்கம். ஆனால் முதல் ஐந்து ஃப்ரெட்கள் மட்டும் தேய்ந்த ஒரு பேஸ், அதை வாசித்தவர் பெரும்பாலும் அடிச்சுரங்களைப் பிடித்துப் பாட்டுக்குத் தாளமும் அடித்தளமும் கொடுத்தவர் என்று சொல்கிறது. அந்த வாசிப்பாளருக்கும் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை.

இந்தக் கருவிகள் தரக்குறைவு என்று தள்ளப்பட்ட காலம் போய்விட்டது. ஒரு பகுதி மாற்றம் கிட்டார் கலைஞர் ரை கூடரால் வந்தது. நண்பர் டேவிட் லிண்ட்லியிடமிருந்து வந்த டெய்ஸ்கோவின் கோல்டு ஃபாயில் பிக்கப்பைத் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அவர் பொருத்திக்கொண்டார். அந்த ஒலியைக் கேட்ட கிட்டார் வாசிப்பவர்கள் பழைய டெய்ஸ்கோக்களைத் தேடத் தொடங்கினார்கள். விளைவு, முழுக் கருவியையும் வாங்கி, பிக்கப்பை மட்டும் பிடுங்கி, உடலை எறிந்துவிடும் வியாபாரம். மதிப்பு கூடியதே கருவிகளின் அழிவுக்கும் காரணமாயிற்று.

தொழிற்சாலைகளின் தகுதிக்கு வேறொரு தீர்ப்பும் வந்தது. 1982இல் ஃபெண்டர் நிறுவனமே ஜப்பானில் ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கி, தன் பெயரிலான கிட்டார்களையும் பேஸ்களையும் செய்யும் பொறுப்பை ஃபுஜிகென்னிடம் கொடுத்தது. அறுபதுகளில் யார் யார் பெயரிலோ மலிவு கிட்டார்கள் செய்து அனுப்பிய அதே மாட்சுமோட்டோ நகரம். இருபதாண்டுகளில் கை வேறாகிவிடவில்லை. கொடுக்கப்பட்ட மரமும் நேரமும் விலையும் வேறாயின. யென் மதிப்பு ஏறி ஜப்பானில் செய்வது கட்டுப்படியாகாதபோது மலிவுக் கருவி கொரியாவுக்கு நகர்ந்தது. 1973இல் அங்கே தொடங்கிய கோர்-டெக் நிறுவனத்தின் பின்னணியில், டெய்ஸ்கோவை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த அதே ஜாக் வெஸ்தைமர் இருந்தார். பெயரற்ற பேஸ் ஒன்று கொரியாவில் பிறந்ததென்று தெரியவந்தால், அதைக் குறைவாக நினைக்க இதற்குப் பிறகு காரணமில்லை.

அப்படியானால் ஓர் அடையாளத்துக்கு எவ்வளவு போதும்? ‘ஜப்பான், 1965க்கும் 1969க்கும் இடையில், ஏற்றுமதிக்கெனச் செய்தது, 30 அங்குலம், பிளைவுட் உடல், டெய்ஸ்கோ-கவாய் வரிசையோடு ஒத்துப்போகிறது’ என்பது முழுமையான பதில். அதற்குமேல் ஒரு பிராண்ட் பெயரைத் தலையில் ஒட்டினால் விலை கூடலாம், அறிவு கூடாது. வரம்போடு சொல்லப்பட்ட பதிலில் ஒரு கடல்வழி வணிகம், ஒரு பரிமாற்ற விகிதம், பெட்டி செய்தவர்கள் கிட்டார் செய்தவர்களாக மாறிய ஒரு நகரம் எல்லாம் இருக்கின்றன. அந்தத் தொழிலாளர்கள் தனித்தனியே யார் என்பது கிடைக்காது. அவர்களின் வேலை எங்கே, எப்படி, எந்த நெருக்கடியில் நடந்தது என்பது கிடைக்கும். மலிவுப் பொருள்களின் வரலாற்றில் இது சிறிய விளைச்சலன்று.

இதற்கான சாட்சியம் நாளுக்கு நாள் குறைகிறது என்பதுதான் இப்போதைய கவலை. பல தொழிற்சாலைகள் மூடிவிட்டன. எஞ்சிய ஆவணம் கருவிகளுக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஒருவர் பழைய பாட்டை வெட்டியெடுத்துப் புதிதைப் பற்றவைக்கும்போதும், குழியைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும்போதும், முடுக்கிகளைக் கழற்றிக் குப்பையில் போடும்போதும் அந்த ஆவணத்தில் ஒரு பக்கம் போகிறது. வாசிக்கும் கருவியைப் பழுது பார்க்காமல் விட முடியாது, விடவும் கூடாது. ஆனால் திருப்புளியை எடுப்பதற்கு முன் கழுத்துத் தகட்டின் இரு பக்கத்தையும், கழுத்தின் அடிமுனையையும், பிக்கப்களின் முதுகையும், கம்பிகளின் நிறத்தையும், சால்டர் துளிகளையும் ஒளிப்படம் எடுத்து, தந்தி நீளத்தை மில்லிமீட்டரில் எழுதி வைப்பதற்குச் சில நிமிடங்கள்தாம் ஆகும். கழற்றிய உறுப்புகளை ஓர் உறையில் போட்டுக் கருவியின் பெட்டிக்குள்ளேயே வைக்கலாம். பழுது பார்ப்பவர்கள் இதை வேலையின் முதல் படியாகவே கொள்ள வேண்டும்; கருவியைக் கொண்டுவருபவர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.